படுக்கையில் இருப்பவர் கேட்பது

"என்னைச் சீக்கிரம் கூட்டிட்டுப் போயிரு சாமி." வெகுநாளாகப் படுத்த படுக்கையாக ஒருவர் இருக்கும் வீட்டில் இந்தப் பேச்சு காதில் விழாமல் இருக்காது. கேரளத்தில் எங்கள் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் கேட்டிருக்கிறேன். எல்லையைத் தாண்டிப் பொள்ளாச்சிப் பக்கமும் கேட்டிருக்கிறேன். கேட்டதும் நாம் சொல்லும் பதிலும் எங்கேயும் ஒன்றுதான்: "சும்மா கண்டதையும் பேசாதீங்க, எல்லாம் சரியாயிரும்." சொல்லிவிட்டு அறையை விட்டு வெளியே வந்துவிடுவோம். அவர் எதற்காக அப்படிக் கேட்டார் என்று பக்கத்தில் உட்கார்ந்து யாரும் விசாரிப்பதில்லை.

இந்த விசாரிப்பைச் சட்டமாகவே எழுதி வைத்திருக்கும் நாடுகள் உண்டு. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தில், சாவு நெருங்கிய நோயாளி கேட்டால் அவர் சாவதற்கு மருத்துவர் மருந்து எழுதிக் கொடுக்கலாம் என்ற சட்டம் 1997 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆறு மாதத்துக்குள் இறந்துவிடுவார் என்று இரண்டு மருத்துவர்கள் சொல்ல வேண்டும். நோயாளி வாயால் இருமுறையும் எழுத்தில் ஒருமுறையும் கேட்க வேண்டும். மருந்தை அவரே உட்கொள்ள வேண்டும். நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் 2002 முதல் மருத்துவரே ஊசி போடலாம். கனடா 2016-இல் அனுமதித்தது. 2021-இல், சாவு நெருங்காதவர்களும் கேட்கலாம் என்று வாசலை இன்னும் அகலமாகத் திறந்தது. மாற்றுத்திறனாளிகள் பலர் இதைக் கடுமையாக எதிர்த்தார்கள். உயிரோடு இருக்கத் தேவையான உதவியைக் கொடுக்காமல் சாவதற்கு மட்டும் உதவுவீர்களா என்று அவர்கள் கேட்டது நியாயமான கேள்வி. பிரிட்டனில் 2025 ஜூன் 20 அன்று கீழவையில் 314-க்கு 291 என்ற கணக்கில் ஒரு மசோதா தேறி, பிரபுக்கள் சபைக்குப் போனது. இவ்வளவு நெருக்கமான வாக்கெடுப்பு, இரண்டு பக்கத்திலும் மனசாட்சியுள்ளவர்கள் இருக்கிறார்கள் என்பதைக் காட்டுகிறது.

அப்படி ஒரு சட்டம் இந்தியாவுக்கு வேண்டுமா என்று என்னிடம் கேட்டால், இன்றைக்கு வேண்டாம் என்பேன். என்றைக்கும் வேண்டாம் என்று சொல்ல என்னால் முடியாது. இரண்டையும் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் என் வீட்டு மனிதர்கள்.

எங்கள் பக்கத்து வாழ்க்கை தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பாலக்காடு மாவட்டம் சித்தூர் தாலுக்காவின் கிழக்கு ஓரம் முழுக்கத் தமிழ் பேசும் ஊர்கள்தான். கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி, வேலந்தாவளம் என்று போய்க்கொண்டே இருக்கும். ரேஷன் கடையும் பஞ்சாயத்தும் கேரளம். பெண் கொடுப்பதும் எடுப்பதும் பொள்ளாச்சி, கிணத்துக்கடவு. தலைவலி காய்ச்சலுக்கு உள்ளூர் ஆரம்ப சுகாதார நிலையம். பெரிய வியாதி என்றால் எல்லோருக்கும் கோயம்புத்தூர்தான். அதனால் ஒரே குடும்பத்தில் ஒருவர் கேரள முறையிலும் இன்னொருவர் தமிழ்நாட்டு முறையிலும் சாவது எங்களுக்குப் புதிதில்லை.

என் பெரியம்மா கேரளப் பக்கம். மார்பில் வந்த புற்றுநோய் எலும்புக்குப் பரவியிருந்தது. கோயம்புத்தூரில் இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். அவருக்கு நோயின் பெயரைக்கூட யாரும் சொல்லவில்லை. "எலும்புத் தேய்மானம்" என்று அண்ணன்கள் சொல்லி வைத்திருந்தார்கள். புரண்டு படுக்கக்கூட முடியாமல் பெரியம்மா ராத்திரி முழுக்க அழுவார். போகிறவர் வருகிறவரிடமெல்லாம், "ஒரு ஊசியைப் போட்டு என்னை அனுப்பி விட்டுருங்க கண்ணு" என்று கையெடுத்துக் கும்பிடுவார். யாராவது அன்றைக்கு ஒரு காகிதத்தை நீட்டியிருந்தால் கைநாட்டு வைத்திருப்பார், சந்தேகமே இல்லை.

அப்புறம் பஞ்சாயத்து பாலியேட்டிவ் சிஸ்டர் ஜீப்பில் வந்தார். நோயைக் குணப்படுத்த முடியாதபோதும் வலியையும் அவதியையும் குறைக்கும் சிகிச்சைக்குப் பாலியேட்டிவ் என்று பேர். கேரளத்தில் இந்தச் சொல் எல்லோருக்கும் தெரியும். எங்கள் ஊர்ப் பாட்டிமார்களும் "பாலேட்டி சிஸ்டர்" என்றுதான் சொல்வார்கள். அவர் வந்ததும் ரத்த அழுத்தம் பார்க்கவில்லை, ரிப்போர்ட்டைக் கேட்கவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து பெரியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க வலிக்குது அம்மா, எப்ப கூடுது, எப்பக் குறையுது?" என்று மலையாளம் கலந்த தமிழில் கேட்டார். அந்த வீட்டில் அதுவரைக்கும் யாரும் கேட்காத கேள்வி அது. பிறகு மருத்துவர் சொன்னபடி, அபினியிலிருந்து எடுக்கும் 'மார்பின்' என்ற வலி நிவாரண மாத்திரையை ஆரம்பித்தார்கள். நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை, வலி வரும்வரை காத்திருக்காமல் மணி பார்த்துக் கொடுக்க வேண்டும் என்று அண்ணியிடம் திரும்பத் திரும்பச் சொன்னார். கூடவே மலச்சிக்கலுக்கு மருந்து.

அந்த வாரம் கழிவதற்குள் பெரியம்மா உட்கார்ந்து காப்பி கேட்டார். தேங்காய் இறக்கிய கணக்கைக் கேட்டு அண்ணனைத் திட்டினார். பேத்திக்குப் பூ வைத்துவிட்டார். நோய் இருந்த இடத்தில்தான் இருந்தது, சில மாதத்தில் போய்விட்டார். ஆனால் "அனுப்பி விட்டுருங்க" என்ற பேச்சு அதற்குப் பிறகு அவர் வாயில் வரவில்லை. வலியை எடுங்கள் என்பதைத்தான் அவர் அத்தனை நாளும் அப்படிச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்த சிஸ்டர் வானத்திலிருந்து குதித்தவர் இல்லை. 1993-இல் கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் டாக்டர் எம். ஆர். ராஜகோபாலும் டாக்டர் சுரேஷ் குமாரும் சில நண்பர்களும் சேர்ந்து தொடங்கிய வலி நிவாரண சங்கத்தில் இதன் வேர் இருக்கிறது. மலப்புறத்தில் அது ஊர்க்காரர்கள் கையில் போய்ச் சேர்ந்தது. ஆட்டோ ஓட்டுபவர்களும் மாணவர்களும் கடைக்காரர்களும் பயிற்சி எடுத்துக்கொண்டு படுக்கையில் இருப்பவர்களைப் பார்க்கப் போனார்கள். 2008-இல் கேரள அரசு இதற்கென்று ஒரு கொள்கையே வகுத்தது. இந்தியாவில் அப்படிச் செய்த முதல் மாநிலம் அதுதான். பஞ்சாயத்துகள் வீட்டுக்கு நர்ஸை அனுப்பும் ஏற்பாடு அப்படி வந்தது. ஜனவரி 15-ஐக் கேரளத்தில் பாலியேட்டிவ் தினமாகக் கொண்டாடுகிறார்கள். சில வருடங்களில் எங்களுக்கு அன்றைக்கே பொங்கலும் வரும்.

மற்ற இடங்களில் இது ஏன் இவ்வளவு தாமதம்? 1985-இல் வந்த போதைப்பொருள் தடைச் சட்டம் ஒரு பெரிய காரணம். கடத்தல்காரர்களைப் பிடிக்க எழுதிய சட்டம், மருத்துவமனை மருந்தறையையும் பூட்டிவிட்டது. பலவித உரிமம், ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு அலுவலகம், தவறினால் ஜெயில். மார்பினை வாங்கி வைக்கவே மருத்துவமனைகள் பயந்தன. அபினி விளைவித்து உலகத்துக்கு விற்கும் நாட்டில், சொந்தப் புற்றுநோயாளிகள் வலியில் கத்திக்கொண்டு செத்தார்கள். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. 2014-இல்தான் சட்டத்தைத் திருத்தி நடைமுறையை எளிதாக்கினார்கள். தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வரும் வலி நிவாரண சிகிச்சையும் இருக்கிறது, நல்ல ஆரம்பம். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, இந்த சிகிச்சை தேவைப்படுபவர்களில் உலக அளவில் 14 சதவீதம் பேருக்குத்தான் அது கிடைக்கிறது. மீதிப் பேர் சாவைக் கேட்டால் அதை அவர்களுடைய விருப்பம் என்று எப்படி எடுத்துக்கொள்வது? முதலில் அந்த மாத்திரையைக் கொடுங்கள், அப்புறம் கேளுங்கள்.

பலர் இந்த இடத்தில் பேச்சை முடித்துவிடுவார்கள். வலி நிவாரணம் நன்றாக இருந்தால் யாரும் சாக விரும்ப மாட்டார்கள் என்பார்கள். எனக்கும் அப்படி நம்ப ஆசைதான். மாமாவைப் பார்த்த பிறகு அது முடியவில்லை.

மாமா கோபாலபுரத்துக்காரர், பொள்ளாச்சியில் ஒரு தேங்காய் மண்டியில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார். மோட்டார் நியூரான் நோய் வந்தது. முதலில் வலது கையில் பேனா நிற்கவில்லை, பிறகு கால், பிறகு பேச்சு. இந்த நோயில் தசை ஒவ்வொன்றாக அடங்கிக்கொண்டே வரும், ஆனால் அவருக்குப் புத்தி கடைசி வரை தெளிவாக இருந்தது. அவருக்குப் பெரிதாக வலி இல்லை. ஒரு நாள் மூச்சு விடும் தசையும் நிற்கும் என்பது அவருக்குத் தெரியும், மருத்துவரிடம் நேராகவே கேட்டுத் தெரிந்துகொண்டார். கை முழுதாகப் போவதற்கு முன் கணக்கு நோட்டில் கோணல் எழுத்தில் எழுதி வைத்தார்: மூச்சுக் குழாய் வேண்டாம், மெஷின் வேண்டாம், வீட்டில் இருக்கிறேன். எழுதியதை என்னிடம் காட்டி, "மாப்ளே, பார்த்துக்க" என்றார். வாய் குழறியது, ஆனாலும் எனக்குப் புரிந்தது.

அவர் கேட்டது சாக உதவி கூட இல்லை என்பதைக் கவனியுங்கள். ஒரு சிகிச்சை வேண்டாம் என்றார், அவ்வளவுதான். அதற்கு அவருக்கு உரிமை இருந்தது. 2018 மார்ச் 9 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள், கண்ணியமாக இறப்பதும் வாழும் உரிமையின் பகுதி என்றும், முன்கூட்டியே எழுதி வைக்கும் விருப்ப ஆவணம் செல்லும் என்றும் தீர்ப்புச் சொன்னார்கள். ஆனால் அதை ஒரு மாஜிஸ்திரேட் முன் கையெழுத்திட்டு உறுதி செய்ய வேண்டும் என்று நிபந்தனை வைத்தார்கள். படுத்த படுக்கையாக இருக்கும் மண்டிக் கணக்குப்பிள்ளை எந்த மாஜிஸ்திரேட்டைப் போய்ப் பார்ப்பார்?

2019-இல் ஒரு ராத்திரி அவருக்கு மூச்சு திணறியது. பிள்ளைகள் பயந்துபோய்க் கோயம்புத்தூரில் ஒரு பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அப்பா மூச்சுக்குத் தவிக்கும்போது நோட்டைப் புரட்டிப் பார்க்க எந்தப் பிள்ளைக்கு மனசு வரும்? நோட்டை நான் கொண்டுபோய்க் காட்டினேன். "இது லீகலா செல்லாதுங்க" என்றார் பணியில் இருந்த மருத்துவர். அவருக்கும் வழக்கு வந்துவிடுமோ என்ற பயம். குழாய் போட்டார்கள். பிறகு தொண்டையில் துளையிட்டு அங்கே ஒரு குழாய். கையால் பிடுங்கிவிடுவார் என்று, அசையவே முடியாத அந்தக் கைகளைக் கட்டிலோடு கட்டி வைத்திருந்தார்கள். உள்ளே போனால் என்னைப் பார்ப்பார். கண் மட்டும் பேசும்.

வாரங்கள் போயின. தோப்பில் ஒரு பகுதி கைமாறியது. அதற்கப்புறம் நம் ஊர்களில் தினம் நடப்பது இங்கேயும் நடந்தது. "எழுதிக் கொடுத்துட்டுக் கூட்டிட்டுப் போறோம்" என்று பெரிய மகன் கையெழுத்துப் போட்டார். ஆம்புலன்சில் ஒரு பையன் ரப்பர் பையை அமுக்கி அமுக்கி மூச்சு கொடுத்துக்கொண்டு வந்தான். நானும் உள்ளே இருந்தேன். வீட்டில் ஆட்கள் கூடியிருந்தார்கள். கட்டிலில் படுக்க வைத்ததும் பையன் சின்ன மகனைப் பார்த்தான், அவன் தலையாட்டினான், பை நின்றது. மார்பின் இல்லை, மயக்க மருந்து இல்லை, பக்கத்தில் மருத்துவரோ நர்ஸோ இல்லை. புத்தி முழுக்கத் தெளிவாக இருந்த மனிதர் நெடுநேரம் மூச்சுக்குத் தவித்தார்.

இந்தியாவில் கருணைக்கொலை கிடையாது என்று சொல்பவர்களை நான் அந்த ஆம்புலன்சில் ஏற்றிக் கூட்டிப்போக விரும்புகிறேன். பணம் தீரும் நாளில் குழாயை எடுப்பது நம்மிடம் என்றைக்கும் இருக்கிறது. முறையாகச் செய்தால் முதலில் மூச்சுத் திணறலுக்கு மார்பின் கொடுப்பார்கள், தூக்கம் வர மருந்து கொடுப்பார்கள், அது வேலை செய்கிறதா என்று பார்த்துத்தான் மெஷினை நிறுத்துவார்கள். நாம் சட்டத்துக்குப் பயந்து மருந்தை விட்டுவிட்டு, நிறுத்துவதை மட்டும் வீட்டுத் திண்ணைக்கு மாற்றி வைத்திருக்கிறோம்.

கனடாவில் சூ ராட்ரிகஸ் என்ற பெண்ணுக்கும் மாமாவுக்கு வந்த அதே நோய்தான். தான் குறிக்கும் நாளில் சாக மருத்துவர் உதவ வேண்டும் என்று வழக்குப் போட்டார். என் சாவுக்கு நான் சம்மதம் தர முடியாதென்றால் இந்த உடம்பு யாருடையது என்று கேட்டார். 1993-இல் உச்ச நீதிமன்றத்தில் ஐந்துக்கு நான்கு என்று தோற்றார். 2015-இல் அதே நீதிமன்றம் ஒருமனதாக மாறித் தீர்ப்புச் சொன்னது. மாமாவை வைத்துக்கொண்டு அந்தக் கேள்வியை நினைக்கும்போது, அந்தப் பெண் கேட்டது தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மாமாவே இன்னும் ஒரு படி மேலே போய், திணறும் நாளுக்கு முன்பே என்னை விட்டுவிடுங்கள் என்று கேட்டிருந்தால்? அதுவும் தப்பில்லை என்றுதான் நினைக்கிறேன்.

அப்படியானால் சட்டம் கொண்டுவர வேண்டியதுதானே? இங்கேதான் எனக்குத் தயக்கம். அந்தச் சட்டங்கள் எல்லாமே நோயாளி தன் வாயால் கேட்க வேண்டும் என்ற ஒரே தூணின் மேல் நிற்கின்றன. நம் வீடுகளில் நோயாளிக்கு வாய் எங்கே இருக்கிறது? பெரியம்மாவுக்கு நோயின் பெயரைச் சொல்லவில்லை. மாமா எழுதி வைத்தும் கேட்கவில்லை. ரிப்போர்ட்டை வாங்குவது மகன், மருத்துவர் பேசுவது மருமகனிடம், கையெழுத்து வேறு யாருடையதோ. இப்படிப்பட்ட வீட்டில் நாளைக்கு ஒரு படிவம் வந்தால் அதில் "நான்" என்று எழுதப்போவது யார்?

தென்மாவட்டங்களில் தலைக்கூத்தல் என்று ஒன்று நடந்ததை நாம் மறைக்கக் கூடாது. விருதுநகர்ப் பக்கம் அதைப் பற்றி 2010-ஐ ஒட்டிப் பத்திரிகைகளில் நிறைய வந்தது. முடியாமல் கிடக்கும் பெரியவர்களை எண்ணெய்க் குளியல் என்ற பேரில் அனுப்பி வைப்பது. செய்தவர்கள் அதைக் கருணை என்றுதான் சொன்னார்கள். சட்டப்படி அது கொலை. என் கணக்கிலும் கொலைதான். பெரியவர் கேட்டாரா என்று யாரும் யோசிக்கவே இல்லை. சொத்தும் கூலியும் நேரமும் சேர்ந்து முடிவு செய்தன. அதே ஊர்களில் இன்னொரு சட்டத்தைக் கொண்டுபோய் வைத்தால் அதை எப்படிப் பயன்படுத்துவார்கள் என்று யோசிக்காமல் இருக்க முடியவில்லை. ஆரிகன் அறிக்கைகளிலேயே, குடும்பத்துக்குப் பாரமாக இருக்கிறேன் என்பதை ஒரு காரணமாகச் சொல்பவர்கள் சமீப ஆண்டுகளில் பத்துக்கு நாலு பேருக்கு மேல் இருக்கிறார்கள். அங்கே அது மனவருத்தமாக இருக்கலாம். இங்கே, மருமகள் வேலைக்கு லீவு போட்டால் அன்றைக்குக் கூலி இல்லை என்பது படுத்திருக்கும் கிழவிக்கு ரூபாய் கணக்கில் தெரியும்.

அருணா ஷான்பாக் வழக்கும் எனக்கு இதைத்தான் சொல்கிறது. மும்பை கே.இ.எம். மருத்துவமனை நர்ஸ் அவர். 1973 நவம்பரில் தாக்கப்பட்டு, மீளாத நிலையில் அங்கேயே படுக்கையில் கிடந்தார். அவர் சார்பில் பத்திரிகையாளர் பிங்கி விரானி உச்ச நீதிமன்றம் போனார். 2011-இல் நீதிமன்றம் உயிர்காப்பு சிகிச்சையை நிறுத்துவதற்குப் பொதுவாக ஒரு வழி வகுத்தது, ஆனால் அருணா விஷயத்தில் மனுவை ஏற்கவில்லை. அவருக்காகப் பேச உரிமை உள்ளவர்கள் இத்தனை காலம் அவரைக் குளிப்பாட்டி ஊட்டிவிட்ட நர்ஸுகள்தான், அவர்கள் வேண்டாம் என்கிறார்கள் என்றது. 2015 மே மாதம் நிமோனியாவில் அருணா இறந்தார். அவர் விரும்பியது என்ன என்று யாருக்கும் தெரியாது. அந்த நர்ஸுகளின் கைகளை நான் வணங்குகிறேன், விரானியின் கோபத்தையும் மதிக்கிறேன். இருவருமே ஊகித்தார்கள், வேறு வழி அவர்களுக்கும் இல்லை.

நமக்கு இருக்கிறது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் பழைய நிபந்தனையைத் தளர்த்தியது. இப்போது மாஜிஸ்திரேட் வேண்டாம். இரண்டு சாட்சிகள் முன் கையெழுத்திட்டு நோட்டரியிடமோ அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரியிடமோ சான்று வாங்கினால் போதும். நாம் பேச முடியாத நிலையில் நம் சார்பில் யார் பேச வேண்டும் என்றும் எழுதலாம். அந்த நிலை வந்தால் மருத்துவமனையில் மூன்று மருத்துவர்கள் கொண்ட ஒரு குழுவும், அதைச் சரிபார்க்க இன்னொரு மூவர் குழுவும் கூடி, 48 மணி நேரத்துக்குள் கருத்துச் சொல்ல முயல வேண்டும். மாமாவின் நோட்டு இந்த விதியின் கீழ் எழுதப்பட்டிருந்தால் அந்த ஆம்புலன்ஸ் பயணம் நடந்திருக்காது. சாக உதவும் சட்டத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன், இந்தக் காகிதம் எல்லா ஆரம்ப சுகாதார நிலையத்திலும் தமிழிலும் மலையாளத்திலும் கிடைக்க வேண்டும், அதை மதிக்க ஒவ்வொரு மருத்துவமனைக்கும் தெரிந்திருக்க வேண்டும். பத்து வருடம் அப்படிப் பழகட்டும். படுத்திருப்பவரிடம் நேராகப் பேசுவது நம் வீடுகளில் வழக்கமான பிறகு, மாமா போன்றவர்களுக்காக அந்த அடுத்த சட்டத்தையும் பேசலாம். அன்றைக்கு நான் ஆதரவாகத்தான் பேசுவேன்.

என்னுடையதை எழுதிவிட்டேன். மீளும் வாய்ப்பு இல்லை என்றால் மெஷின் வேண்டாம், வலிக்கும் மூச்சுத் திணறலுக்கும் மருந்து தாராளமாக வேண்டும், நோயின் பெயரை என்னிடம் மறைக்கக் கூடாது. என் சார்பில் பேசும் ஆளாக அக்காவின் பேரைப் போட்டிருக்கிறேன். முதலில் காகிதத்தைக் கையால் தொடவே மாட்டேன் என்றாள். "நல்லா இருக்கறவன் எதுக்குடா இதை எழுதறே?" என்று அழுதாள். நல்லா இருக்கும்போதுதான் எழுத முடியும் என்றேன். மாமாவின் கட்டிய கைகளை அவளும் பார்த்தவள். ரெண்டு நாள் கழித்து எடுத்துப் படித்தாள். ஐசியூவில் தனியாகக் கிடக்க விடக்கூடாது, பக்கத்தில் வீட்டு ஆள் ஒருவர் இருக்க வேண்டும் என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னாள். சேர்த்தேன். சரி என்றாள்.

இப்போது அவளும் ஒன்று எழுதப்போகிறாள். அவள் எழுத நினைப்பது என்னுடையதற்கு நேர் எதிர். கடைசி மூச்சு வரைக்கும் எல்லா சிகிச்சையும் வேண்டுமாம், மெஷின் உட்பட, டாக்டர் கைவிரித்தாலும் விடக்கூடாதாம். அவள் சார்பில் பேசும் ஆளாக என் பேரைத்தான் போடப்போகிறாள். நான் ஒத்துக்கொண்டிருக்கிறேன்.